எட்டு முழமும் ஒரு கோட்டும்

தமிழ்நாட்டில் கோட்டு போட நாலு பேருக்குத்தான் லைசென்ஸ் உண்டு. வக்கீல், ரயில் டி.டி.ஆர்., பெரிய ஓட்டல் வாசலில் சலாம் வைப்பவர், அப்புறம் ஒரே ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் கல்யாண மாப்பிள்ளை. இந்த நாலில் சேராதவர் கோட்டோடு தெருவில் இறங்கினால், "என்ன சார், இன்டர்வியூவா?" என்பார்கள். எங்கள் திண்டிவனத்தில் அதுகூடக் கேட்கமாட்டார்கள். நேராக நெற்றியில் கை வைத்து ஜுரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வெயில்.

ஆனால் நூறு வருஷத்துக்கு முந்தி இப்படி இல்லை. பாரதியாரை நினைத்துக்கொள்ளுங்கள். முண்டாசு, மீசை, கறுப்புக் கோட்டு. கோட்டுக்குக் கீழே என்ன? காலண்டர்காரர்கள் மார்போடு நிறுத்திவிடுவதால் நாம் யோசிப்பதே இல்லை. வேட்டிதான் சார்! எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரியில்தான் 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் அவர் இருந்தார். உ.வே. சாமிநாதையர் படத்தைப் பாருங்கள். அங்கேயும் தலைப்பாகைக்குக் கீழே கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டு. அந்தக் காலத்து வாத்தியார், தாசில்தார், கோர்ட்டு குமாஸ்தா என்று பலருக்கும் மேலே குளோஸ் கோட்டு, கீழே வேட்டி. யாரும் சிரிக்கவில்லை. பிற்பாடு பேண்ட் வந்தது. கோட்டு அதனோடு கைகோத்துக்கொண்டு போய்விட்டது. வேட்டி பாவம், சட்டையோடு தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது.

இந்தப் பிரிவினை எதுவரைக்கும் போயிற்று தெரியுமா? 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் போன ஹைகோர்ட் நீதிபதி அரிபரந்தாமன் அவர்களையே உள்ளே விடவில்லை. பெரிய ரகளையாகி, அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் கொண்டுவந்தார்கள். வேட்டி கட்டியவரைத் தடுக்கும் கிளப்பின் லைசென்ஸே போய்விடும் என்று ஆகிவிட்டது. சுதந்திர இந்தியாவில் சென்னை மாகாணத்தின் முதல் முதன்மை மந்திரி ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் எங்கள் திண்டிவனத்துப் பக்கத்துக்காரர். வேட்டியிலேயே ராஜ்யம் நடத்திய மனுஷர். அவர் ஊரிலிருந்து வரும் எங்களுக்கு இதைக் கேட்டபோது கோபம் வந்தது நியாயம்தானே?

சட்டம் கிளப்புக்கு வந்துவிட்டது. கல்யாண ரிசப்ஷனுக்கு யார் சட்டம் போடுவது?

* * *

என் பெண்ணுக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை. நல்ல பையன், நல்ல குடும்பம். சம்பந்தி ரொம்ப உற்சாகமான மனிதர். எதையும் ஒரு ஒழுங்கோடு செய்யணும் என்பவர். வைகாசியில் கல்யாணம் நிச்சயமானதும் போன் பண்ணினார்.

"சம்பந்தி, ரிசப்ஷன் அன்னைக்கு ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் ஒரே கலர்ல கோட்டு சூட்டு. நம்ம ஊர்லயே வாடகைக்குக் குடுக்கறான். எல்லாருக்கும் அளவு மட்டும் அனுப்பிடுங்க. பெரியவருக்கும் சேர்த்துத்தான்!"

பெரியவர் என்றால் என் அப்பா. வயது எண்பத்து மூன்று. தொழில், தையல்.

இங்கே கொஞ்சம் விவரம் சொல்லியாக வேண்டும். அப்பா பன்னிரண்டு வயதில் விழுப்புரத்தில் ஒரு டெய்லர் கடையில் காஜா பையனாகச் சேர்ந்தவர். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான். ரயில்வே ஜங்ஷன் ஊர் என்பதால் யூனிபாரம், கோட்டு எல்லாம் மூட்டையாக வரும். மற்றவர்கள் வெட்டித் தைக்க, இவர் உட்கார்ந்து காஜா எடுப்பார். பட்டன் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூலால் வேலி கட்டுவதற்குப் பெயர்தான் காஜா. ஏழெட்டு வருஷத்தில் கத்திரி கைக்கு வந்தது. அப்புறம் திண்டிவனத்துக்கு வந்து சொந்தக் கடை. வக்கீல் கோட்டு, கல்யாணக் கோட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டு என்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஊரார் தோளுக்கெல்லாம் கோட்டு ஏற்றினார். தன் தோளில் ஒரு நாள் ஏற்றினதில்லை.

சின்ன வயதில் ஒருதரம் கேட்டேன்.

"கோட்டு போட்டவனுக்கு அளவெடுக்கறவன் தானும் கோட்டு போட்டுக்கினா, எவன் எவனுக்குக் குனியறதுன்னு தெரியாம போயிடும்டா" என்றார்.

அவர் காலில் பேண்ட்டும் ஏறினதில்லை. ஆயிரம் பேண்ட் தைத்திருப்பார். கட்டியது எட்டு முழம் மட்டும்.

சம்பந்தி சொன்னதைச் சொன்னேன். அப்பா ஈஸிசேரில் சாய்ந்தபடி அமைதியாகக் கேட்டார்.

"எண்பத்து மூணு வயசுல என்னைக் குழாய்க்குள்ள வுடப் போறியா? வேணாம்டா. ரிசப்ஷனுக்கு நீங்க போயிட்டு வாங்க. நான் காலைல முகூர்த்தத்துக்கு வந்துடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னார். அதுதான் சங்கடம். கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம், கை நடுக்கம் வந்த அப்புறம், அவர் ஒவ்வொரு இடமாக இப்படித்தான் சத்தமில்லாமல் விலகிக்கொண்டு வந்தார். முதலில் கடை. அடுத்தது கோயில் திருவிழா. பிறகு வீட்டுத் திண்ணைப் பேச்சு. இப்போது பேத்தியின் ரிசப்ஷன்.

என் மனைவி சமையலறையிலிருந்தே சொன்னாள்: "என்னங்க, மாமா வரலைன்னா உங்க பொண்ணு மேடை ஏறமாட்டா. பார்த்துக்கோங்க!"

* * *

ராத்திரி பெண் வந்தாள். போனை நீட்டினாள். "தாத்தா, இதைப் பாரு."

படத்தில் ஒரு வெள்ளைக்காரர். மேலே ஜோரான கோட்டு, டை. கீழே முழங்கால் வரைக்கும் கட்டம் போட்ட துணி. அதற்கும் கீழே வெறும் முழங்கால், நீள சாக்ஸ்.

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இன்னாடி இது, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு போட்டோ எடுத்திருக்கான்?"

"லுங்கி இல்ல தாத்தா. கில்ட். ஸ்காட்லாந்துக்காரங்க கல்யாணத்துக்கே இதைத்தான் கட்டுவாங்க."

அப்புறம் நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, ஸ்காட்லாந்துக்காரர்கள் நமக்கு ஏதோ ஒன்றுவிட்ட பங்காளிகள் போலத் தெரிந்தது. நம் ஆண்பிள்ளை கட்டுவது எட்டு முழம், அதாவது நாலு கஜம். அவர்கள் பழைய கணக்குப்படி ஒரு நல்ல கில்ட்டுக்கு எட்டு கஜம்! பின்பக்கம் முழுக்க மடிப்பு மடிப்பாக வைத்துத் தைப்பதால் துணி அவ்வளவு இழுக்கிறது. (எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் மடிசார் ஒன்பது கஜம். ஆகவே போட்டியில் இன்னமும் நாம்தான் ஜெயிக்கிறோம்.) கில்ட்டில் பாக்கெட் கிடையாது. வேட்டியிலும் கிடையாது. நாம் காசை மடியில் முடிந்தோம், அல்லது சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினோம். அவர்களும் ஒரு தோல் பையை இடுப்பிலிருந்து முன்பக்கம் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். அதற்கு ஸ்போரன் என்று பெயர். நம் பாட்டியின் சுருக்குப் பைக்கு யாராவது இப்படி ஒரு பெயர் வைத்திருந்தால் அதுவும் நாலாயிரம் ரூபாய்க்கு விற்றிருக்கும்.

தடை விவகாரத்திலும் உறவுதான். 1746-ல் கலோடன் சண்டையில் மலைநாட்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் தோற்றதும், பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அவர்கள் உடைக்கே தடை போட்டது. கில்ட் கட்டினால் ஆறு மாசம் உள்ளே. மறுபடி கட்டினால் ஏழு வருஷம் நாடு கடத்தல். ராஜாவின் பட்டாளத்தில் இருந்தால் மட்டும் கட்டலாம். 1782-ல்தான் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். தமாஷ் என்னவென்றால், நாற்பதே வருஷத்தில், 1822-ல், நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தபோது அவரே கில்ட் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ராஜா கட்டினால் ஃபேஷன்!

இதையெல்லாம் சொன்னபோது அப்பா தலையாட்டினார். ஆனால் அவர் கண் போனை விட்டு நகரவில்லை. மன்னரையோ சண்டையையோ அவர் கேட்கவில்லை.

"இந்தக் கோட்டு ஏண்டா இவ்ளோ குட்டையா இருக்குது?" என்றார்.

* * *

தொழில்காரன் கண் அது. அந்த ஒரு கேள்வியில்தான் முடிச்சு முழுக்க இருந்தது.

நாம் சாதாரணமாகப் பார்க்கிற கோட்டு பேண்ட்டுக்காகப் பிறந்தது. பேண்ட்டின் பின்பக்கத்தை மறைக்கும் அளவுக்கு நீளம் வைப்பார்கள். கில்ட் கட்டும் இடமோ தொப்புளை ஒட்டி உயரே. அங்கிருந்து பின்பக்க மடிப்புகள் விரிந்து இறங்கும். நீளக் கோட்டைப் போட்டால் மடிப்பு அமுங்கிவிடும், முன்னால் பை மறைந்துவிடும். கோட்டு எங்கே முடிகிறது, கில்ட் எங்கே தொடங்குகிறது என்று ஆளே பாதியாகக் குறுகித் தெரிவான். அதனால் கில்ட் கோட்டை நாலைந்து அங்குலம் குட்டையாக வெட்டி, முன்பக்கத்தை வளைவாக ஒதுக்கித் தைக்கிறார்கள். புதுசு வாங்க வசதியில்லாதவர்கள் பழைய சூட் கோட்டை வாங்கி வீட்டிலேயே வெட்டித் தைத்துக்கொள்வதும் அங்கே சகஜம்.

வேட்டியும் அதே இடுப்பில்தான் நிற்கிறது. எட்டு முழத்தின் மடிப்பு இடுப்பில் ஒரு சுற்று கனமாக உட்காரும். பேண்ட்டுக்குத் தைத்த கோட்டை அதன்மேல் போட்டால் கீழ்பட்டன் பிதுங்கும், பின்பக்கம் கூடாரம் மாதிரி நிற்கும். வேட்டியை மடித்துக் கட்டினாலோ கேட்கவே வேண்டாம். கோட்டு மட்டும் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்!

பெண் இன்னொரு படத்தைக் காட்டினாள். 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அபிஜித் பானர்ஜி நோபல் பரிசு வாங்குகிற படம். எதிரே ஸ்வீடன் ராஜா. இவர் மேலே கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு, கீழே ஜரிகைக் கரை போட்ட வேட்டி. பக்கத்தில் அவரோடு பரிசு பெற்ற மனைவி எஸ்தர் டுஃப்லோ, புடவையில்.

"பாரு தாத்தா. ராஜா கையால பரிசு. வேட்டி கட்டிக்கிட்டு!"

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

"தோள்பட்டை நல்லா உக்காந்திருக்குது. தைச்சவன் கெட்டிக்காரன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "வாடகைக் கோட்டுல கத்திரி வைக்கக் கூடாதுடா. சொந்தமா ஒண்ணு வேணும்" என்றார்.

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரிசப்ஷனுக்கு இன்னும் பதினோரு நாள்.

* * *

பழைய கோட்டு வேண்டுமென்றால் எங்களுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி மூன்றும் ஏறக்குறைய நாற்பது நாற்பது கிலோமீட்டரில் முக்கோணம் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தை கூடும். பழைய துணியும் குவியல் குவியலாகக் கிடக்கும். வெளிநாட்டார் கழித்துப் போடும் துணி பல காலமாகக் குஜராத்தில் கண்ட்லா துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக இறங்குகிறது. கம்பளியைப் பானிப்பட்டில் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். போர்வை ஆகாமல் தப்பிப் பிழைத்த ஒரு கோட்டுதான் எனக்கு வேண்டியது.

கிளம்பும்போது அப்பா ஒரே ஒரு உத்தரவு போட்டார்: "தோளை மட்டும் பாரு. நீளம், இடுப்பு, கை எல்லாத்தையும் பிடிச்சுடலாம். தோளு தப்பாப் போனா பிரம்மாவாலயும் முடியாது."

அவருடைய சட்டை ஒன்றைக் கையோடு எடுத்துப் போனேன். குவியலில் ஒவ்வொரு கோட்டாக எடுத்து, தோளோடு தோள் வைத்துப் பார்த்தேன். ஒன்று பத்து வயதுப் பையனுக்கு. ஒன்றில் என் அப்பாவோடு அவருடைய ஈஸிசேரும் நுழையும். பதினாலாவது கோட்டு சாம்பல் நிறம், இரண்டு பட்டன், பின்னால் நடுவில் ஒரு திறப்பு. தோள் சரியாகப் பொருந்தியது. ஐந்நூறு சொன்னார், முந்நூற்றைம்பதுக்கு முடிந்தது. உள் பாக்கெட்டில் ஒரு பல்குச்சி இருந்தது. எந்தச் சீமை விருந்தில் யார் பல்லைக் குத்தினாரோ!

இரண்டு நாள் நிழலும் வெயிலுமாகக் காயவைத்தோம். கம்பளித் துணியை வெந்நீரில் போட்டால் சுருங்கிப் பேரனுக்கு ஆகிவிடும். ஆகவே ஈரத் துணி போர்த்தி, மேலே இஸ்திரிப் பெட்டி வைத்து ஆவியிலேயே சுத்தம்.

மூன்றாம் நாள் அப்பாவின் பழைய உஷா மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். நானும் டெய்லர் பிள்ளைதான், மிதிக்கத் தெரியும். அப்பா ஈஸிசேரைக் கூடத்துக்கு இழுத்துப் போடச் சொன்னார். வேட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கட்டாம அளக்காதே. எதுமேல போடப் போறோமோ அதுமேலதான் அளக்கணும்."

நான் சாக்பீஸோடு முட்டிபோட்டு உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக அப்பா நின்றுகொண்டிருக்க, இஞ்சு டேப் என் கையில். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

* * *

வீட்டில் பழைய கோட்டும் ஒரு பெரியவரும் இருப்பவர்களுக்காக, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நீளம். நாலு அங்குலம் குறைப்பதாக முடிவு. "மடிப்பைப் பிரிக்காம கத்திரி வைக்காதே" என்றார். பிரித்ததும் உள்ளே மறைந்திருந்த ஒன்றரை அங்குலம் இறங்கி வந்தது. அந்த விளிம்பிலிருந்து நாலு அங்குலம் வெட்டினால், மறுபடி உள்ளே மடிக்க ஒன்றரை மிச்சம் இருக்கும்.

இரண்டாவது, முன்பக்கம். மேல்பட்டனுக்கு ஒன்றரை அங்குலம் கீழே ஆரம்பித்து, பக்கவாட்டை நோக்கி வளைவு. இதற்கு அப்பா ஒரு எவர்சில்வர் தட்டைக் கேட்டார். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைத் துணிமேல் வைத்து சாக்பீஸால் ஒரு கோடு. வளைவு கச்சிதம்! கீழ்பட்டனும் அதன் காஜாவும் அந்த வெட்டோடு போயின. இடுப்பு மடிப்பு பிதுங்குகிற தொல்லையும் கூடவே போயிற்று.

மூன்றாவது, பாக்கெட். கோட்டு குட்டையானால் கீழ்ப்பாக்கெட்டின் பை வெளியே நாக்கை நீட்டும். பையைக் குறுக்கி வெட்டி, வாயைத் தைத்து மூடி, மேல்மூடியை மட்டும் அழகுக்கு விட்டோம்.

நாலாவது, பின் திறப்பு. அது குதிரை ஏறுகிறவர்களுக்காக ஏற்பட்டதாம். "நான் இன்னா குதிரைல போவப் போறேனா? அஞ்சாம் நம்பர் பஸ்ஸுல கூட ஏத்தமாட்டேங்கறீங்க. மூடு" என்றார். மூடினேன்.

ஐந்தாவதுதான் எனக்கு ஆச்சரியம். கத்திரி வெயில் கழிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கம்பளிக் கோட்டில் எண்பத்து மூன்று வயது உடம்பு என்ன ஆகும் என்று எனக்கு உள்ளூரக் கவலை. அப்பா கோட்டைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கத்து லைனிங்கைத் தடவினார்.

"இதைத் தோளுக்குக் கீழ ஒரு ஜாண் வுட்டுட்டு மீதியை எடுத்துடு. சூடான ஊருக்குப் பாதி லைனிங் போதும். உள்ள தையல் ஓரம் பிசிறு தெரியாம பைப்பிங் குடுத்துடு."

முன்பக்க லைனிங்கை மேல்துணியைவிட அரை அங்குலம் உயரத்தில் நிறுத்தி, இழுக்காமல் கொஞ்சம் தளர்த்தி மடித்துக் கையால் ஹெம்மிங் செய்தாள் என் மனைவி. "ஏம்மா, லைனிங்கை மூச்சு வுட வுடு. இழுத்துத் தைச்சா கோட்டு முறைச்சுக்கும்" என்று மருமகளுக்கு மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்கென்றால், "இன்னாடா தையல் இது, எறும்பு ஊருதா? எட்ட எட்டப் போடாதே!"

நாலு நாளாக வீட்டில் இதே சத்தம். 'அதை எடு, இதைப் பிடி, கண்ணு எங்க இருக்குது?' சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று வருஷமாக இவ்வளவு திட்டு நான் வாங்கினதில்லை. மூன்று வருஷமாக இவ்வளவு நிம்மதியாகவும் இருந்ததில்லை.

* * *

கடைசி வேலை ஒன்று பாக்கி இருந்தது. கீழ்ப்பாக்கெட்டை மூடிவிட்டதால் கண்ணாடிக்கூடும் மாத்திரை டப்பாவும் வைக்க உள்ளே வலது பக்கம் ஒரு புதுப் பாக்கெட். குனிந்தால் விழாமல் இருக்க, அதற்கு ஒரு மூடி, ஒரு பட்டன், ஒரு காஜா.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஷின் காஜா போடறாங்கப்பா. அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"வெளிய தெரியற காஜாவா இருந்தா நானே அங்க குடுன்னு சொல்லியிருப்பேன்" என்றார். "இது உள்ள இருக்கறதுதானே. குடு."

என் மனைவி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். ராத்திரி ஒன்பது மணிக்கு ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். முக்கால் அங்குல ஓட்டை. அந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிமிஷத்தில் முடிப்பார். இப்போது ஒவ்வொரு குத்துக்கும் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நடுங்குகிற கை ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் ஊசி உள்ளே போய்விடும். மறுபடி காத்திருப்பார்.

நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை. டி.வி.யைக்கூட அணைத்துவிட்டோம்.

பத்தேகாலுக்கு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இந்தா" என்று கோட்டை நீட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு மூன்று இழை கொஞ்சம் விலகியிருந்தது. பட்டனைப் போட்டுப் பார்த்தேன். கழற்றவே இரண்டு கை வேண்டியிருந்தது. அவ்வளவு உறுதி.

* * *

ரிசப்ஷன் அன்று விழுப்புரம் மண்டபத்தில் ஏ.சி. இருந்தது. கரண்ட்தான் அப்பப்போ இல்லை. சம்பந்தி வீட்டு ஆண்பிள்ளைகள் பதினோரு பேர் நீலக் கோட்டு சூட்டில், டை வேறு இறுக்கி, அவிந்துகொண்டிருந்தார்கள். நானும் அதில் பன்னிரண்டாவது. கையில் கிடைத்த பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தோம்.

அப்பா வாசலில் இறங்கினார். நாலு விரல் ஜரிகைக் கரை வைத்த எட்டு முழம். வெள்ளைச் சட்டை. அதன்மேல் அந்தச் சாம்பல் கோட்டு, ஒற்றைப் பட்டன் போட்டு, இடுப்பில் வளைந்து ஒதுங்கி, வேட்டியின் மடிப்பு ஒரு துளி கலையாமல் கீழே இறங்க... நான் பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிப் பெருமைப்பட்டதில்லை.

சம்பந்தி ஓடி வந்தார். ஒரே கலரில் இல்லையே என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் அப்பாவைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். பின்பக்கம் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார்.

"பெரியவரே, உங்களுக்குப் புழுக்கமா இல்லையா?"

"பாதி லைனிங்" என்றார் அப்பா.

சம்பந்தி டையைத் தளர்த்திக்கொண்டு என் காதோடு சொன்னார்: "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா பதினோரு பேரும் வேட்டி கட்டிக்கிட்டு வந்திருப்போமேங்க!"

மேடைக்கு ஏறும்போது என் பெண் அழுதுவிட்டாள். மேக்கப்காரப் பெண் பஞ்சோடு பதறி ஓடி வந்தாள். போட்டோகிராபர், "தாத்தா, நடுவுல வாங்க" என்றார். ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் அப்பாவை நடுவில் கூப்பிட்டதில்லை, அவரும் வந்ததில்லை. வந்து நின்றார். ஒரு பக்கம் பேத்தி. இன்னொரு பக்கம் மாப்பிள்ளை, தகதகவென்று வாடகைக் கோட்டில்.

ஃபிளாஷ் அடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்தார். ஆசீர்வாதம் என்று நினைத்து அந்தப் பையன் பவ்யமாகக் குனிந்தான்.

அப்பா இரண்டு விரலால் தோள்பட்டைத் துணியைக் கிள்ளிப் பார்த்தார்.

"அரை இஞ்சு பெரிசா இருக்குது மாப்பிள்ளை. மறுவீட்டுக்கு வரும்போது எடுத்துக்கினு வாங்க. பிடிச்சுக் குடுத்துடறேன்."

"தாத்தா, இது வாடகைக் கோட்டு. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்றான் மாப்பிள்ளை.

"அப்படின்னா ஒரு ஞாயித்துக்கிழமை பாண்டிக்கு வாங்க" என்றார் அப்பா. "நானும் வரேன்."